நாலு முளைக்குள் விளைந்த காடு

ஒரு காட்டில் ஒரு முயல் இருந்தது. காடு என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மரம் என்று விரல் நீட்டிக் காட்ட இருபதோ இருபத்தைந்தோதான் மிச்சம். பதிவேட்டில் இன்னும் காடு என்றே இருப்பதால் நாமும் அதை மாற்றப் போவதில்லை. அந்தக் காட்டுக்கு ஒரு சிங்கராஜாவும் உண்டு. இந்தப் பக்கத்தில் சிங்கம் ஏது என்று கேட்காதீர்கள். ராஜா இல்லாமல் கதை சொன்னால் கடைசியில் விருதை யார் கொடுப்பது?

முயலின் பெயர் அங்காயி. அதற்கு அரை ஏக்கர் நிலமும் ஏழு குட்டிகளும் உண்டு. புருஷன் முயல் பக்கத்துக் காட்டுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டது. ஆகவே நிலமும் குட்டிகளும் அங்காயி பொறுப்பு.

அந்த அரை ஏக்கரில் கேழ்வரகு விளையும். நல்ல காலத்தில் பத்து மூட்டை கண்ட நிலம். அப்புறம் எட்டாயிற்று, ஆறாயிற்று, போன வருஷம் மூன்றரையில் வந்து நின்றது. விதை அதே விதைதான். உழைப்பும் அதே உழைப்பு, சொல்லப்போனால் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதல். கோளாறு இரண்டு பக்கமும் இருந்த அண்டை வீட்டுக்காரர்களிடம் இருந்தது.

கிழக்குப் பக்கம் பெரியண்ணன் என்ற காட்டெருமையின் வயல். பெரியண்ணன் செங்கல் சூளைக்கு மேல்மண் கொடுத்தது. முதல் வருஷம் ஒரு முழம் ஆழம், அடுத்த வருஷம் இன்னொரு முழம், அதற்கடுத்த வருஷம் எத்தனை முழம் என்று பெரியண்ணனுக்கே தெரியாது. இப்போது அது தன் வயலில் நின்றால் வெளியே கொம்பு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு மழைக்கும் அங்காயி நிலத்தின் மேல்மண் கரைந்து அந்தக் குழிக்குள் இறங்கிப் போகும்.

மேற்குப் பக்கம் தணிகாசலம் என்ற நரி மனை போட்டிருந்தது. பெயர் 'ராயல் வனம் அவென்யூ'. வனத்தை அழித்துவிட்டுப் பெயரில் வனத்தை வைக்கிற அளவுக்கு நரிக்கு நன்றியுணர்ச்சி இருந்தது. மனைக்குப் போக ரோடு வேண்டுமே என்று வடிகாலை மூடி மேடாக்கி ரோடு போட்டது. தண்ணீர் வடிய வழியில்லாமல் அங்காயியின் மேற்கு ஓரத்தில் தேங்கி, காய்ந்து, உப்பு பூத்து வெள்ளை வெளேரென்று கிடந்தது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அந்தக் காட்டில் நாலு மூட்டைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. அரை ஏக்கருக்கு நாலு மூட்டைக்குக் குறைவாக, அடுத்தடுத்து இரண்டு வருஷம் விளைந்தால் அந்த நிலம் தரிசு. தரிசு என்று எழுதிவிட்டால் வாய்க்காலில் வாரம் ஒரு நாள் வருகிற முறைத்தண்ணீர் கிடையாது. தண்ணீர் இல்லாத நிலத்தில் மனைக்கல் நடலாம். போன வருஷம் மூன்றரை. இந்த வருஷமும் நாலைத் தொடாவிட்டால் அங்காயியின் சனிக்கிழமைத் தண்ணீர் போச்சு, நிலம் போச்சு.

தணிகாசலம் தினமும் காலையில் அந்தப் பக்கமாக நடைப்பயிற்சி போகும். "அக்கா, சௌக்கியமா?" என்று அங்காயியைக் கேட்கும். கேட்கும்போது அது அங்காயியைப் பார்க்காது. பெண் பார்க்க வந்தவன் கூடத்தை எட்டி எட்டிப் பார்ப்பதுபோல நிலத்தைப் பார்க்கும்.

ஆடி பிறந்த ஒரு காலையில் அங்காயி உழவுக்கு மண்ணைக் கிளறியபோது நெளியான் என்ற மண்புழு தலையை நீட்டியது. அந்த நிலத்து மண்புழுக்களுக்கெல்லாம் நெளியான்தான் மேஸ்திரி.

"தாயி, நாங்க கெளம்பறோம்."

"எங்கடா கெளம்பறீங்க?"

"எங்கனயாச்சும். மேல இருந்த ஒரு சாண் மண்ணு போச்சு. கீழ சரளைக்கல்லு. நாங்க என்ன பல்லு வச்சா கடிக்கிறோம்? மேக்கால போனா உப்பு, உடம்பெல்லாம் எரியுது. எங்க ஆளுங்க பாதிப்பேரு செத்துட்டாங்க தாயி."

 மண்புழு இல்லாத நிலத்தில் என்ன விளையும் என்று அங்காயிக்குத் தெரியும்.

"இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"கெழக்கால ஒரு வரப்பு போடு. மேக்கால தண்ணி வடிய ஒரு கால்வா வெட்டு. மூணு வருசம் ராகியை விட்டுட்டு கொள்ளு, தட்டப்பயிறுன்னு வெதச்சு மடக்கி உழு. கெடைக்கிற எலதழையெல்லாம் கொண்டாந்து போடு. மண்ணு திரும்ப வரும். நாங்களும் வருவோம்."

நெளியான் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. நீதிக்கதை என்றால் முயல் இந்த இடத்தில் அறிவுரையைக் கேட்டு, மூன்று வருஷம் பாடுபட்டு, சுகமாக வாழ்ந்திருக்க வேண்டும். ஆனால் மூன்று வருஷம் ராகி போடாவிட்டால் மூட்டைக் கணக்கு சைபர். சைபர் என்பது நாலுக்குக் குறைவு. மண் பிழைப்பதற்கு ரொம்ப முன்னாலேயே தணிகாசலம் வந்து கல் நட்டுவிடும்.

"ரெண்டு நாளு பொறு. ஆபீசுல போயி சொல்லிப் பாக்கறேன்" என்று அங்காயி கிளம்பியது.

பயிர் அலுவலகத்தில் இருந்தது ஏகாம்பரம் என்ற தேவாங்கு. தேவாங்கு ராத்திரியில் விழித்திருக்கிற பிராணி. அலுவலக நேரமோ காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. ஆகையால் ஏகாம்பரம் வேலை நேரத்தில் தூங்குவதை யாரும் குறை சொல்ல முடியாது, அது இயற்கையின் ஏற்பாடு. அங்காயிக்கு முன்னால் வரிசையில் பதினோரு பேர் நின்றார்கள். டோக்கன் கொடுக்கும் மெஷின் பழுது. பழுதானதைச் சரிசெய்ய மனு கொடுப்பதற்கும் டோக்கன் வேண்டும் என்பதால் அது பழுதாகவே இருந்தது.

மூன்றாம் நாள் அங்காயியின் முறை வந்தது.

"சார், ஒரு தடவ வந்து மண்ணப் பாருங்க சார். மேல்மண்ணு பூரா கெழக்கால குழிக்குப் போயிருச்சு. மேக்கால உப்பு பூத்துக் கெடக்குது. மூணு வருசம் நெலத்த ஆறப்போட்டா தேறிடும். அதுவரைக்கும் தரிசுன்னு எழுதாம இருங்க, அது போதும்."

ஏகாம்பரம் ஒரு கண்ணைத் திறந்தது. மற்றொரு கண்ணைத் திறக்க அது எடுத்துக்கொண்ட நேரத்தில் வரிசையில் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"மண்ணுக்குக் கட்டம் இல்லையேம்மா" என்று படிவத்தைத் திருப்பிக் காட்டியது. அதில் விவசாயி பெயர், பயிர், விளைந்த எடை, கைரேகை என்று நாலு கட்டம் இருந்தது. மண் எங்கேயும் இல்லை.

"மண்ணுலதான சார் வெளையுது?"

"அப்படித்தான் சொல்றாங்க. ஆனா கட்டம் இல்ல."

அங்காயிக்குக் கோபம் வந்துவிட்டது. முயலுக்குக் கோபம் வந்தால் காது இரண்டும் செங்குத்தாக நிற்கும். "அந்தப் பெரியண்ணன் வயல்ல மண்ணே கெடையாது சார், வெறும் குழி. அதுக்கு மட்டும் வருசா வருசம் கூட்டிக் கூட்டி எழுதறீங்களே, அது எப்படி?"

"குழிக்குள்ள நான் எப்படிம்மா எறங்கறது? அளக்க முடியாத வயலுக்குப் போன வருசத்து வெளைச்சலோட பத்துல ஒரு பங்கு சேத்து எழுதணும். விதி இருக்கு."

"என் வயல அளக்க முடியுதே சார்."

"அதாம்மா உங்க பிரச்சினை" என்றது ஏகாம்பரம், நிஜமான இரக்கத்தோடு. "தை மாசம் அளக்க வர்றேன். ஆபீஸ் கயித்தைக் கரையான் தின்னுடுச்சு. கயிறு நீங்களே கொண்டாங்க."

அளக்கிற முறையை இங்கே சொல்லிவிட வேண்டும், கதை முழுக்க அதில்தான் இருக்கிறது. அரை ஏக்கரையும் அறுத்து எடை போட யாருக்குப் பொறுமை? வயலில் ஓர் இடத்தில் நாலு முளை அடித்து, கயிற்றைச் சுற்றிக் கட்டி, அந்தச் சதுரத்துக்குள் இருப்பதை மட்டும் அறுத்து எடை பார்ப்பார்கள். அரை ஏக்கரில் அப்படி எண்பது சதுரம் அடங்கும். ஆகவே வந்த எடையை எண்பதால் பெருக்கினால் வயலின் விளைச்சல். முளை எங்கே அடிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றுதான் விதி. ஆனால் வயலுக்கு நடுவே போக ஏகாம்பரத்துக்கு ஒரு முழு நாள் ஆகும், திரும்பி வர இன்னொரு நாள். அதனால் வரப்போரப் புங்கமரத்து நிழலில் நாற்காலியைப் போட்டு, அங்கிருந்து கை எட்டும் இடத்தில் முளையை அடித்துவிடும். ஒன்பது வருஷமாக அதே இடம். பழைய முளைக்குழிகள்கூட இன்னும் தூர்ந்து போகவில்லை.

அந்த நாலு குழியை அங்காயி ஒன்பது வருஷமாகத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்கு அலுவலகத்திலிருந்து திரும்பியபோதுதான் முதல் முறையாக நின்று பார்த்தது.

மறுநாளே வேலையை ஆரம்பித்தது. நிலத்தில் அங்கங்கே மிச்சமிருந்த நல்ல மண்ணையெல்லாம் பின்னங்காலால் வழித்துக் குவித்து, கூடையில் சுமந்துகொண்டு போய் அந்த நாலு குழிக்கு நடுவே கொட்டியது. இருபத்திரண்டு நாள். கூடவே எருக்குழியில் இருந்தது, அடுப்புச் சாம்பல், குட்டிகள் போட்ட புழுக்கை எல்லாம் அங்கேயே போயிற்று. மண்புழுக்களையும் ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்துக் கொண்டுவந்து விட்டது.

"தாயி, இது என்ன அநியாயம்? டவுன் பஸ்ஸுலகூட இப்படி நெருக்க மாட்டாங்க" என்றது நெளியான்.

"இந்த வருசம் மட்டும் அனுசரிச்சுக்கடா. தரிசுன்னு எழுதாம தப்பிச்சிட்டா அடுத்த வருசம் எல்லா மண்ணையும் பழையபடி எடத்துல பரப்பிடறேன்."

"அப்ப மீதி நெலம்?"

அங்காயி திரும்பிப் பார்த்தது. மீதி நிலம் என்று ஒன்றும் இல்லை. சரளைக்கல் வெயிலில் மின்னியது.  ஏழு குட்டிகளை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சரளையைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அது விதைக்கப் போனது.

கயிறு வேண்டுமே. பத்து மூட்டை கண்ட வருஷத்து ராகித்தாள் ஒரு கட்டு வளைக்குள் இருந்தது. குட்டிகள் அதன்மேல்தான் படுத்துத் தூங்கும். கொஞ்சம் மோந்து பார்த்தால் இன்னும் பச்சை வாசனை வரும். வேறு வழியில்லாமல் அதை எடுத்து, தண்ணீர் தெளித்து, முறுக்கி முறுக்கிப் பிரியாகத் திரித்தது. குட்டிகள் அன்றிலிருந்து வெறுந்தரையில் படுத்தன.

தை மாதம் ஏகாம்பரம் வந்தது. மார்கழிக் கடைசியிலேயே கிளம்பியிருந்ததால் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது. புங்கமரத்தடியில் நாற்காலியைப் போட்டு, கை எட்டும் இடத்தில் முளை அடித்து, கயிற்றைக் கட்டியது. கயிற்றுக்குள் கேழ்வரகு ஆள் உயரம் நின்றது, கதிர் ஒவ்வொன்றும் கைமுட்டி அளவு. கயிற்றுக்கு வெளியே ஒரு புல்கூட இல்லை.

அறுத்து எடை பார்த்தார்கள். அரை மூட்டை. ஏகாம்பரம் எண்பதால் பெருக்கியது. நாற்பது மூட்டை வந்தது. நம்பாமல் இன்னும் இரண்டு தரம் பெருக்கியது. அப்புறம் மெல்லத் தலையைத் திருப்பி, வெயிலில் காய்ந்து கிடந்த சரளைக்கல்லை ரொம்ப நேரம் பார்த்தது.

"அது?" என்று கேட்டது.

அங்காயி கயிற்றைக் காட்டியது. "அது கயித்துக்கு வெளிய இருக்குது சார்."

"ஆமாமா, வெளியதான் இருக்கு" என்று ஏகாம்பரம் நாற்பது என்று எழுதிக்கொண்டது. போகும்போது கயிற்றையும் சுருட்டி எடுத்துக்கொண்டது. "ராசியான கயிறும்மா. இனிமே ஆபீஸ் கயிறு இதுதான்."

நாற்பது மூட்டை! காட்டின் சரித்திரத்திலேயே கிடையாது. சனிக்கிழமைத் தண்ணீர் தப்பித்தது. அங்காயிக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். வளைக்கு வந்து சேர்ந்தது என்னவோ அந்த அரை மூட்டைதான். மீதி முப்பத்தொன்பதரை மூட்டையும் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது.

இந்தக் காலத்தில் எந்த ரகசியம் நிற்கிறது? காக்கைகள் அங்காயியின் கட்டத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டன. அடுத்த ஆடியில் காடு முழுக்க எல்லா மிருகங்களும் மண்ணை வழித்து ஒரே சதுரத்தில் கொட்டின. மான் கொட்டியது, கீரி கொட்டியது, முள்ளம்பன்றி முதுகில் குத்திச் சுமந்துகொண்டு போய்க் கொட்டியது. எல்லாரும் கட்டம் கட்டமாய் மண்ணைக் குவித்துவைத்திருக்கும்போது தான் மட்டும் பரப்பினால் நாற்பது பழையபடி மூன்றரையாகிவிடுமே என்று அங்காயியும் அந்த வருஷம் மண்ணைப் பரப்பவில்லை. நெளியானுக்குக் கொடுத்த வாக்கை நினைத்தபோதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டது.

அந்த வருஷம் காட்டின் சராசரி விளைச்சல் ஐந்து மடங்கு கூடியது. அதே வருஷம்தான் ராகி பக்கத்துக் காட்டிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கியது. சபையில் ஓர் அணில் எழுந்து, "வெளைச்சல் கூடிருச்சுன்னா ராகியை ஏன் வெளியேருந்து கொண்டார்றோம்?" என்று கேட்டது. "விளைச்சல் கூடியதால் எல்லாரும் அதிகமாகச் சாப்பிடுகிறார்கள்" என்று பதில் வந்தது. மெலிந்துபோயிருந்த மிருகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன, யார் அந்த அதிகமாகச் சாப்பிடுகிறவர் என்று.

வெளியிலிருந்து வந்த ராகியை ரேஷனில் கொடுத்தார்கள். அங்காயி வரிசையில் நின்றது. கவுண்டரில் இருந்த பெருச்சாளி மெஷினில் அங்காயியின் பாதத்தை வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தது. "நாப்பது மூட்டைக்காரிக்கு இலவச ராகி எதுக்கு? ஏழைங்க நிக்கிற வரிசை இது, தள்ளும்மா." அன்றைக்கு ஏழு குட்டிகளும் கூழுக்குப் பதில் கூழ் கரைத்த பானை கழுவிய தண்ணீரைக் குடித்தன.

சிங்கராஜா அறிக்கையைப் படித்து மகிழ்ந்தார். (ராஜாவை மட்டும் 'அது' என்று எழுத வேண்டாம் என்று வேண்டியவர்கள் சொன்னார்கள். எனக்கும் குடும்பம் இருக்கிறது.) ராஜாவின் பக்கத்தில் தணிகாசலம் நின்றுகொண்டிருந்தது. எந்த ராஜாவின் பக்கத்திலும் அது எப்படியோ நின்றுவிடும்.

"மகாராஜா, ஒரே ஒரு கட்டத்துல அரை மூட்டை வெளையுது. அப்ப ஆளுக்கு ஒரு கட்டம் போதுமே? மீதி எழுபத்தொம்பது கட்டமும் சும்மாத்தான கெடக்குது? போயிப் பாருங்க, ஒரு புல்லுகூட இல்ல."

ராஜா ஜீப்பில் போய்ப் பார்த்தார். ஒரு புல்கூட இல்லை. "ஆஹா, இவ்வளவு நிலத்தையும் மிச்சம் பிடித்துவிட்டு இவ்வளவு விளைச்சலா!" என்று வியந்து, கயிற்றுக்கு வெளியே இருப்பதெல்லாம் உபரி நிலம், உபரி நிலமெல்லாம் ராயல் வனம் அவென்யூ இரண்டாம் கட்டம் என்று ஆணை போட்டார்.

அங்காயி ஓடியது. நாலுகால் பாய்ச்சலில் அலுவலகத்துக்கு ஓடி, வரிசையில் நிற்காமல் மேஜைமேலேயே ஏறிக் குதித்தது.

"சார், பொய் சார்! நாப்பது மூட்டை பொய். நாந்தான் எல்லா மண்ணையும் வழிச்சு உங்க கட்டத்துல கொட்டினேன். நெலத்த உபரின்னு எழுதிராதீங்க சார். மண்ணத் திரும்பப் பரப்பிடறேன். கொள்ளு வெதைக்கறேன், வரப்பு போடறேன். அது எம்புள்ளைங்க நெலம் சார்."

ஏகாம்பரம் வாழ்க்கையில் முதல் முறையாக இரண்டு கண்ணையும் ஒரே நேரத்தில் திறந்தது.

"நெசமாவா?"

"எம்புள்ளைங்க மேல சத்தியமா."

"அப்ப கயித்துக்கு வெளிய?"

"கட்டாந்தரை சார்."

ஏகாம்பரம் பேனாவை மூடி வைத்தது. பாவம், அது கெட்ட பிராணி இல்லை. "அங்காயி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாப்பது மூட்டை நெசம்னா வெளிய இருக்கற நெலம் உபரி. பொய்ன்னா அது தரிசு. உபரின்னாலும் தணிகாசலத்துக்குத்தான் போவும். தரிசுன்னாலும் தணிகாசலத்துக்குத்தான் போவும். எதுன்னு எழுதட்டும்?"

அங்காயி மேஜைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. காது இரண்டும் தொங்கிப்போயின.

"எதுல சனிக்கெழம தண்ணி வரும் சார்?"

"உபரியில. கட்டத்துக்கு மட்டும்."

"உபரின்னே எழுதிக்கங்க."

விருது விழா அங்காயியின் நிலத்திலேயே நடந்தது. மண்ணை வழித்தெடுத்த தரை சிமென்ட் போல இறுகிக் கிடந்ததால் பந்தல் போட வசதியாக இருந்தது. ராஜா அங்காயிக்கு 'விளைச்சல் திலகம்' என்று பட்டம் கொடுத்து, ஒரு பொன்னாடையும் போர்த்தினார். பொன்னாடை நைலான். குட்டிகள் ராத்திரிப் பசிக்கு அதைக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பின. பெரியண்ணன் குழிக்குள்ளிருந்தபடியே கை தட்டியது, கொம்பு ஆடியதில் தெரிந்தது. விழா முடிந்ததும் தணிகாசலம் அதே பந்தல்கால் குழிகளில் மனைக்கல்லை நட்டுவிட்டது. புதுக் குழி வெட்டுகிற வேலை மிச்சம்.

நாலு பக்கமும் மஞ்சள் கல், நடுவில் புங்கமரத்தடியில் மேடாக ஒரு சதுரம். அதுதான் அங்காயியின் விவசாயம். வரப்பு போட இடம் இல்லை, வரப்பு போட்டால் அது மனை எண் பதினேழில் போய் விழும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. இறுகின தரை ஒரு சொட்டு குடிக்கவில்லை. மனைகள், ரோடுகள் எல்லாவற்றிலிருந்தும் ஓடிவந்த தண்ணீர் அந்த மேட்டைச் சுற்றி அரித்தது. அங்காயி முதுகைக் கொடுத்துத் தடுத்துப் பார்த்தது, நைலான் பொன்னாடையை விரித்துத் தடுத்துப் பார்த்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அந்த மேடு அப்படியே கரைந்து, அரை ஏக்கரின் மொத்த மண்ணும் மண்புழுக்களும் ஒரே ஓட்டமாய்ப் பெரியண்ணனின் குழிக்குள் இறங்கிப் போயின.

"பரப்பியிருந்தா கொஞ்சமாச்சும் தங்கியிருக்கும் தாயி!" என்று போகிற போக்கில் நெளியான் கத்தியது.  அங்காயிக்கு அழுகை வந்தது, அழுதது. மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

பெரியண்ணனுக்கு மட்டும் சந்தோஷம். சூளைக்குக் கொடுக்க மறுபடியும் மண் வந்து சேர்ந்திருந்தது.

தை மாதம் ஏகாம்பரம் வந்தது. நாற்காலியைப் போட்டது. கை எட்டும் இடத்தில் சரளைக்கல்லுக்குள் நாலு முளையைத் தட்டித் தட்டி இறக்கியது. ராசியான ஆபீஸ் கயிற்றை நிதானமாகச் சுற்றிக் கட்டியது. உள்ளே நாலைந்து கூழாங்கல் இருந்தது. ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்து, இது எந்தப் பயிர் என்று எழுதுவது என யோசித்துக்கொண்டே பகல் பன்னிரண்டு மணிக்குத் தூங்கிப்போனது.

அங்காயி அந்தக் கயிற்றைப் பார்த்தது. தன் கையால் திரித்தது. பத்து மூட்டை கண்ட வருஷத்துத் தாள். கிட்டே போய் மோந்தது. இரண்டு வருஷம் அலுவலக அலமாரியில் கிடந்தும் அடியில் எங்கோ அந்தப் பச்சை வாசனை இருந்தது. அந்த அரை ஏக்கரில் விளைந்து இன்னும் பூமிக்கு மேலே மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அங்காயி முனையில் ஒரு கடி கடித்தது. கண்ணை மூடி மென்றது. அப்புறம் திரும்பி, வளையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த குட்டிகளைக் கூப்பிட்டது.

"வாங்க. மெதுவா மெல்லுங்க, சத்தம் வரக்கூடாது."

ஏகாம்பரம் விழித்தபோது நாலு முளையும் இருந்தன, கயிறு இல்லை. முளையைச் சுற்றி எட்டு முயல்கள் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"கயிறு எங்கம்மா?"

"தின்னுட்டோம் சார்."

ஏகாம்பரம் யோசித்தது. நிழல் புங்கமரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும்வரை யோசித்தது.

"அப்ப அளக்க முடியாது."

"முடியாது சார்."

"அளக்க முடியாத வயலுக்கு..." என்று முணுமுணுத்தபடி பதிவேட்டை விரித்து, போன வருஷத்து நாற்பதோடு பத்தில் ஒரு பங்கு சேர்த்து நாற்பத்து நாலு என்று எழுதியது. அங்காயியின் பாதத்தில் மை தடவிக் கைரேகைக் கட்டத்தில் வைத்து அழுத்தியது. எல்லாம் முடிந்ததும் ரொம்ப நாள் கழித்து ஒரு வேலையை ஒழுங்காகச் செய்த திருப்தி அதன் முகத்தில் தெரிந்தது.

"ஆபீசுக்குப் புதுக் கயிறு வாங்கணும். அடுத்த தையில வர்றேன். வேற ஏதாச்சும் குறை இருந்தா சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

அங்காயி ஏழு குட்டிகளையும் ஒரு தரம் எண்ணிப் பார்த்தது.

"அடுத்த தடவ கொஞ்சம் தடியான கயிறா கொண்டாங்க சார்."

நீதி: நிலத்தைக் காப்பாற்றுகிற வேலையெல்லாம் உங்களுக்கு வேண்டாம், அளக்க வருகிறவரின் கயிறு வைக்கோலில் திரித்ததுதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் வயிற்றுக்குள் போகிற விளைச்சல் அது ஒன்றுதான்.